முதுகுத்தண்டில் அடிபட்டால்: அறுவை சிகிச்சை என்ன செய்யும், அதற்குப் பிறகு என்ன

விபத்தில் முதுகெலும்பு உடைந்து, காலில் அசைவில்லாமல் ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் வீட்டார் கேட்கிற முதல் கேள்வி, "ஆபரேஷன் பண்ணா நடந்துருவாருங்களா டாக்டர்?" என்பதுதான். "இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது, பார்க்கலாம்" என்பார் மருத்துவர். மழுப்புகிறார் என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அந்த நேரத்தில் அதற்கு மேல் யாராலும் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பது புரிந்தால், அடுத்த சில மாதங்களில் கையிலிருக்கும் பணத்தையும் உடல் உழைப்பையும் எதில் போடுவது என்று குடும்பத்தால் தெளிவாக முடிவெடுக்க முடியும்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுவை சிகிச்சை உடைந்த எலும்பைச் சரிசெய்கிறது. அதன் உள்ளே ஓடும் நரம்புத் தண்டான தண்டுவடம் நசுங்கிவிட்டால், அதைத் தைத்து ஒட்டவைக்கும் அறுவை சிகிச்சை இன்றுவரை உலகில் எங்கும் இல்லை. நகையை அடகு வைத்து, நிலத்தை விற்று ஆபரேஷனுக்குக் கட்டிவிட்டு, அதன்பின் தேவைப்படும் மறுவாழ்வுச் சிகிச்சைக்குப் பணமும் இல்லாமல் பொறுமையும் இல்லாமல் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்துவிடுகிற குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். இந்தக் கட்டுரை அவர்களை மனதில் வைத்து எழுதியது.

எலும்பு வேறு, தண்டுவடம் வேறு

முதுகெலும்பு ஒரே எலும்பு கிடையாது. கழுத்தில் 7, நெஞ்சுக்குப் பின்னால் 12, அதற்குக் கீழே இடுப்புப் பகுதியில் 5 என்று முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அதற்கும் கீழே ஒன்றோடொன்று இணைந்துபோன 5 திருவெலும்புகள், வால் எலும்பில் 4. மொத்தம் 33. ஒவ்வொரு முள்ளெலும்பின் பின்பக்கமும் ஒரு துளை உண்டு. அந்தத் துளைகள் வரிசையாகச் சேர்ந்து உருவாகும் கால்வாய்க்குள்தான் தண்டுவடம் ஓடுகிறது. பெரியவர்களுக்கு அது சுமார் 45 சென்டிமீட்டர் நீளம், ஏறக்குறைய சுண்டுவிரல் பருமன். மிகவும் மென்மையானது. மூளையிலிருந்து கை கால்களுக்குப் போகும் கட்டளையும், உடம்பிலிருந்து மூளைக்கு வரும் உணர்ச்சியும் இதன் வழியாகத்தான் போய்வருகின்றன. சிறுநீரை அடக்குவது, மலம் கழிப்பது, வியர்ப்பது, இரத்த அழுத்தம் ஏறி இறங்குவது எல்லாமும் இதன் வழியாகத்தான்.

தண்டுவடம் முதுகெலும்பின் கடைசிவரை போவதில்லை. இடுப்பு முள்ளெலும்புகளில் முதலாவது அல்லது இரண்டாவதின் உயரத்தில் முடிந்துவிடும். அதற்குக் கீழே கால்வாய்க்குள் இருப்பவை தனித்தனி நரம்புகளின் கொத்து. தண்டுவடத்தைவிட இந்த நரம்புகளுக்கு அடியைத் தாங்கித் தேறும் சக்தி அதிகம். ஒரே மாதிரி எலும்பு முறிவாக இருந்தாலும் நெஞ்சு மட்டத்தில் உடைந்தவரும் இடுப்பின் அடிப்பகுதியில் உடைந்தவரும் ஒரே மாதிரித் தேறாததற்கு இது ஒரு காரணம். பக்கத்து பெட்டில் இருந்தவர் மூன்று மாதத்தில் நடந்துபோனார், நம்மவர் ஏன் நடக்கவில்லை என்று ஒப்பிட்டு நொந்துபோவதில் பொருளில்லை.

எந்த மட்டத்தில் அடி என்பதை ஆங்கில எழுத்தும் எண்ணும் சேர்த்து எழுதுவார்கள். சி என்றால் கழுத்து, டி என்றால் நெஞ்சு, எல் என்றால் இடுப்பு. மூச்சுக்கு ஆதாரமான உதரவிதானத்துக்கு சி-3, சி-4, சி-5 மட்டங்களிலிருந்து நரம்பு போகிறது. அதற்கு மேலே முழுமையாக அடிபட்டால் வென்டிலேட்டர் இல்லாமல் மூச்சு விட முடியாது. சி-5 வேலை செய்தால் முழங்கையை மடக்கலாம். சி-6 இருந்தால் மணிக்கட்டைப் பின்னோக்கித் தூக்கலாம். சி-7 இருந்தால் முழங்கையை நீட்டலாம். முழங்கையை நீட்ட முடிகிறவரால் கையை ஊன்றி உடம்பைத் தூக்கி, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தானே மாற முடியும். ஒரே ஒரு மட்ட வித்தியாசம், ஒருவர் வாழ்நாள் முழுக்க இன்னொருவரை எதிர்பார்த்திருப்பாரா இல்லையா என்பதையே மாற்றிவிடும்.

விபத்து நடந்த இடத்தில்

பைக் விபத்துதான் நம் நினைவுக்கு முதலில் வரும். ஆனால் உயரத்திலிருந்து விழுவதும் அதே அளவுக்குப் பெரிய காரணம். தென்னை, பனை ஏறுபவர்கள், சாரத்தில் நின்று வேலை செய்யும் கட்டடத் தொழிலாளர்கள், கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடியில் தூங்கியவர்கள். கோடை விடுமுறையில் ஆழம் தெரியாமல் கிணற்றிலோ குளத்திலோ தலைகீழாகக் குதித்துக் கழுத்தை உடைத்துக்கொள்ளும் இளைஞர்கள் இன்னொரு கூட்டம்.

அடிபட்ட நொடியில் தண்டுவடத்துக்கு ஏற்படும் சேதம் ஒன்று. அதற்கடுத்த மணி நேரங்களில் வீக்கம், இரத்த ஓட்டக் குறைவு, ஆக்சிஜன் குறைவு ஆகியவற்றால் பக்கத்திலிருக்கும் செல்களும் சாகின்றன. இது இரண்டாவது சேதம். முதல் சேதத்தை யாராலும் திருப்ப முடியாது. தூக்கும் விதத்திலிருந்து ஐசியூ கவனிப்பு வரை எல்லாமே இரண்டாவதைக் குறைப்பதற்காகத்தான்.

நம் ஊரில் நடப்பது என்ன? ஒருவர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்க, இன்னொருவர் காலைப் பிடிக்க, நடுவில் முதுகு தொங்க, அப்படியே மடித்து ஆட்டோவில் ஏற்றுகிறோம். நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆனால் உடைந்த எலும்பின் கூர்முனை தண்டுவடத்துக்குள் இறங்க அந்த ஒரு மடக்கல் போதும். வண்டி தீப்பிடிக்கும், தண்ணீரில் மூழ்கும், அடுத்த வாகனம் வந்து மோதும் போன்ற ஆபத்து இல்லையென்றால் 108 வரும்வரை அசைக்காமல் வைத்திருப்பதே மேல். உட்காரவைக்கக் கூடாது, தலைக்குத் தலையணை கூடாது, தண்ணீர் கொடுக்கவும் கூடாது.

திருப்பியே ஆக வேண்டும் என்றால், உதாரணமாக வாந்தி எடுத்து மூச்சுக்குழாயில் போகும் அபாயம் இருந்தால், நான்கு பேர் வேண்டும். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, தலையையும் கழுத்தையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். மற்ற மூவரும் ஒரே பக்கமாக உட்கார்ந்து, ஒருவர் தோளையும் இடுப்பையும், அடுத்தவர் இடுப்பையும் தொடையையும், மூன்றாமவர் காலையும் பிடிப்பார்கள். தலையைப் பிடித்திருப்பவர் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணியதும் மூக்கும் தொப்புளும் ஒரே கோட்டில் இருக்கும்படி முழு உடம்பையும் ஒரே துண்டாகத் திருப்ப வேண்டும். எண்ணுவது தலையைப் பிடித்திருப்பவர் மட்டுமே. வார்டில் நர்ஸ்கள் நோயாளியைத் திருப்புவதும் இதே முறையில்தான். பின்னாளில் வீட்டார் கற்றுக்கொள்ள வேண்டியதும் இதையே.

போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்குமோ என்ற பயத்தில் உதவாமல் ஒதுங்குகிறவர்களுக்காக ஒன்று: நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் வழக்குப் போட முடியாதபடி 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் பாதுகாப்பு சேர்க்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். முதல் நாள் இரவு பணத்துக்காக அலைகிற வீட்டாருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் முதல் சில மணி நேரம்

மூச்சு, இரத்தப்போக்கு, இரத்த அழுத்தம் மூன்றையும்தான் முதலில் கவனிப்பார்கள். கழுத்திலோ மேல்நெஞ்சிலோ அடிபட்டால் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். அதை மருந்து கொடுத்துச் சில நாட்களுக்கு உயர்த்தியே வைத்திருப்பார்கள், தண்டுவடத்துக்கு இரத்தம் குறையக் கூடாது என்பதற்காக. "கால் வரலைன்னு வந்தா, எந்நேரமும் பிரஷர் பார்த்துக்கிட்டே இருக்காங்க" என்று வீட்டார் அலுத்துக்கொள்வது உண்டு. அந்த பிரஷர்தான் அப்போது தண்டுவடத்துக்கான சிகிச்சை.

எலும்பு எப்படி உடைந்திருக்கிறது என்பதை சி.டி. ஸ்கேன் நன்றாகக் காட்டும். தண்டுவடம், முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க், தசைநார்கள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும். இரண்டும் எடுக்கச் சொன்னால் வீண் செலவு என்று நினைக்க வேண்டாம்.

இவற்றைவிட முக்கியமான பரிசோதனைக்கு மெஷினே வேண்டாம். குண்டூசியும் பஞ்சும் வைத்து உடம்பின் ஒவ்வொரு பகுதியிலும் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது, கை கால்களின் முக்கியத் தசைகளுக்கு பலம் எவ்வளவு என்று மதிப்பெண் போடுவது, கடைசியாக ஆசனவாயில் விரலை வைத்து அங்கே உணர்ச்சி இருக்கிறதா, இறுக்க முடிகிறதா என்று பார்ப்பது. கூச்சமான பரிசோதனைதான். ஆனால் எதிர்காலம் பற்றி அது சொல்லும் அளவுக்கு வேறெதுவும் சொல்லாது. தண்டுவடத்தின் கடைசி நுனியிலிருந்து வரும் நரம்புகள் ஆசனவாய்ப் பகுதிக்குத்தான் போகின்றன. அங்கே கொஞ்சம் உணர்ச்சி மிச்சமிருந்தாலும், அடிபட்ட இடத்தைத் தாண்டி ஏதோ ஒரு செய்தி கீழே போய்வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதை முழுமையற்ற பாதிப்பு என்பார்கள். அங்கே உணர்ச்சியும் இல்லை, இறுக்கவும் முடியவில்லை என்றால் முழுமையான பாதிப்பு.

இதை ஏ முதல் ஈ வரை ஐந்து படிகளாகக் குறிப்பார்கள். ஏ என்றால் முழுமையான பாதிப்பு. பி என்றால் உணர்ச்சி உண்டு, அசைவு இல்லை. சி-யில் அசைவு உண்டு, ஆனால் பாதிக்கு மேற்பட்ட தசைகளுக்கு ஈர்ப்பு விசையை எதிர்த்து இயங்கும் பலம் இல்லை. டி-யில் அந்த பலம் இருக்கிறது. ஈ என்றால் இயல்பு நிலை. அடிபட்ட மட்டத்தைச் சொல்லும் சி, டி வேறு, இந்த சி, டி வேறு; குழப்பிக்கொள்ள வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்த எழுத்து இருக்கும். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். பின்னால் எங்கே சிகிச்சைக்குப் போனாலும் முதலில் கேட்கப்படுவது இதுதான்.

முதல் நாளிலேயே ஏன் உறுதியாகச் சொல்ல முடியாது என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. பலமான அடிக்குப் பிறகு தண்டுவடம் சில நாட்களுக்கு, சிலருக்குச் சில வாரங்களுக்கு, அதிர்ச்சியில் முழுவதுமாக அடங்கிப்போயிருக்கும். எவ்வளவு நிஜமாகவே செத்துப்போனது, எவ்வளவு தற்காலிகமாக உறங்குகிறது என்று அப்போது பிரித்துச் சொல்வது கடினம். அதனால்தான் சுமார் மூன்று நாள் கழித்து மறுபடி அதே பரிசோதனையைச் செய்துவிட்டுப் பேசுகிறார்கள்.

தியேட்டருக்குள் நடப்பது

முதுகெலும்பு உடைந்த எல்லாருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. நரம்புக்குப் பாதிப்பு இல்லாமல், எலும்பு நகராமல், உறுதியாக இருந்தால் பெல்ட்டோ பிரேஸோ போட்டு இரண்டு மூன்று மாதம் கவனமாக இருந்தாலே கூடிவிடும். எலும்பு நிலையாக இல்லாமல் ஆடும்போதும், உடைந்த துண்டோ டிஸ்க்கோ தண்டுவடத்தை அழுத்தும்போதும்தான் அறுவை சிகிச்சை.

அதில் இரண்டு வேலைகள். ஒன்று, அழுத்தத்தை எடுப்பது. முதுகைத் திறந்து, தண்டுவடத்துக்குப் பின்னால் கூரை மாதிரி மூடியிருக்கும் எலும்புப் பகுதியை நீக்கி இடம் உண்டாக்குவார்கள். கழுத்தில் முன்பக்கமிருந்து அழுத்தம் என்றால் தொண்டையின் பக்கவாட்டில் சிறிய கீறல் போட்டு, உடைந்த டிஸ்க்கையோ எலும்பையோ எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துண்டையோ கூண்டு போன்ற ஒரு செயற்கைத் துண்டையோ வைத்து பிளேட்டால் பொருத்துவார்கள்.

இன்னொன்று, நிலைநிறுத்துவது. உடைந்த முள்ளெலும்புக்கு மேலேயும் கீழேயும் உள்ள நல்ல எலும்புகளில் இரண்டு பக்கமும் டைட்டானியம் ஸ்க்ரூக்களை இறக்கி, அவற்றை ராடால் இணைப்பார்கள். நெஞ்சு, இடுப்புப் பகுதிகளில் ஒரு ஸ்க்ரூ சாதாரணமாக நாலைந்து சென்டிமீட்டர் நீளம் இருக்கும். எலும்புக்குள் அது போகும் பாதைக்குப் பக்கத்திலேயே தண்டுவடம் இருப்பதால், சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவியில் பார்த்துப் பார்த்து இறக்குவார்கள். எலும்புத் துகள்களையும் பக்கத்தில் நிரப்புவார்கள். கான்கிரீட் இறுகும்வரை சென்ட்ரிங் தாங்கி நிற்கிற மாதிரி, மேலும் கீழுமுள்ள எலும்புகள் ஒன்றாகக் கூடும்வரை இந்த ராடு தாங்கி நிற்கிறது. கூடுவதற்குப் பல மாதங்கள் பிடிக்கும். ராடு போட்டாகிவிட்டது என்று வெயிட் தூக்குவதும் குனிந்து நிமிர்ந்து வேலை செய்வதும் கூடாது என்பது அதனால்தான்.

எப்போது செய்ய வேண்டும்? இதில் மருத்துவர்களுக்குள்ளேயே நீண்டகாலம் கருத்து வேறுபாடு இருந்தது. கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்ட 313 பேரை வைத்துச் செய்து 2012-ல் வெளியான ஆய்வு ஒன்று திருப்பமாக அமைந்தது. 24 மணி நேரத்துக்குள் அழுத்தம் எடுக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 20 சதவீதம் பேர் ஆறு மாதத்தில் இரண்டு படியோ அதற்கு மேலோ முன்னேறினார்கள். தாமதமாகச் செய்தவர்களில் அது 9 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. உடல்நிலை இடம் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் செய்வதே நல்லது என்று 2024-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும் பரிந்துரைக்கிறது. நுரையீரலில் அடி, வயிற்றுக்குள் இரத்தக் கசிவு போன்றவை இருந்தால் முதலில் உயிரைக் காப்பாற்றிவிட்டுத்தான் முதுகுக்கு வருவார்கள். அப்படித் தாமதமானாலும் ஆபரேஷன் வீண் கிடையாது. எலும்பு உறுதிப்பட்டால்தான் நோயாளியைச் சில நாட்களில் உட்காரவைக்க முடியும். மாதக்கணக்கில் மல்லாந்து கிடந்தால் வரும் நிமோனியாவும் படுக்கைப்புண்ணும் அதனால் தவிர்க்கப்படுகின்றன. ஏ வகைப் பாதிப்பு உள்ளவருக்கும் ஆபரேஷன் செய்வது பெரும்பாலும் இதற்காகவே. "நடக்கவே மாட்டார்னு சொல்றீங்க, அப்புறம் எதுக்கு ஆபரேஷன்?" என்று கோபப்படும் வீட்டாருக்கு இதைப் பொறுமையாகச் சொல்ல ஆள் வேண்டும். பல இடங்களில் அது நடப்பதில்லை.

"முதுகுல கத்தி வச்சா கால் போயிடும்" என்ற பேச்சு ஊரெங்கும் உண்டு. பெரும்பாலும் கால் போனது விபத்தில். தொற்று, இரத்தப்போக்கு, ஸ்க்ரூ இடம் மாறுதல், தண்டுவட நீர் கசிதல், அபூர்வமாகப் பலவீனம் கூடுதல் ஆகிய ஆபத்துகள் உண்டுதான். கையெழுத்துப் போடும் முன் அவற்றைப் பற்றி கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

தேறும் காலம்

நரம்புச் செயல்பாடு திரும்புவதில் பெரும்பங்கு முதல் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் நடக்கும். அதன் பிறகு வேகம் குறைந்து ஒன்று ஒன்றரை வருடம் வரை சிறிது சிறிதாகத் தொடரலாம். தொடக்கத்தில் டி-யாக இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் நடப்பார்கள். சி-யாக இருப்பவர்களிலும் கணிசமானோர் நடப்பார்கள். ஏ-யாக இருப்பவர்களில் பெரும்பாலோர் ஏ-யாகவே இருப்பார்கள். கசப்பான உண்மைதான். இதை மறைப்பதால்தான் குடும்பங்கள் வருடக்கணக்கில் எண்ணெய்க்கும் மூலிகைக்கும் பூஜைக்கும் செலவழித்துத் தளர்கின்றன.

இங்கே ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். சில வாரங்கள் கழித்து, படுத்திருப்பவரின் போர்வையை இழுத்துவிடும்போது அசைவே இல்லாத கால் திடீரென்று வெடுக்கென மடங்கும், துடிக்கும். "கால் ஆடுதுடா!" என்று அம்மா ஓடிவந்து எல்லாரையும் கூப்பிடுவார். பிள்ளையின் கண்ணிலும் நீர் கோத்துக்கொள்ளும். பெரும்பாலும் அது தசை இறுக்கம். மூளையின் கட்டுப்பாடு இல்லாமல் தண்டுவடத்தின் அடிப்பகுதி தானாகச் செய்யும் அனிச்சைச் செயல். "பெருவிரலை ஆட்டுப்பா" என்று சொன்னதும் அவர் நினைத்து ஆட்டினால்தான் அது அசைவு திரும்புவது. அந்தத் துடிப்பு முன்பைவிடத் திடீரென்று அதிகமானால் சிறுநீர்த் தொற்றோ, மலச்சிக்கலோ, கண்ணில் படாத புண்ணோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கழுத்தில் சி-6 மட்டத்தில் பாதிப்பு உள்ளவர்களின் கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாசத்தினால் அதைக் கெடுத்துவிடுகிறோம். அவர்களுக்கு விரல்களை மடக்கும் பலம் இருக்காது. மணிக்கட்டைப் பின்னோக்கித் தூக்கும் பலம் இருக்கும். மணிக்கட்டைத் தூக்கினால் விரல் தசைநார்கள் இழுபட்டு விரல்கள் தாமாக மடங்கும். கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தொடும். இந்தப் பிடியை வைத்தே டம்ளரைத் தூக்கலாம், ஸ்பூன் பிடிக்கலாம், போனை எடுக்கலாம். அந்தத் தசைநார்கள் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால்தான் இது நடக்கும். விரல் மடங்கிப்போகிறதே என்று மணிக்கட்டையும் விரல்களையும் ஒருசேரப் பின்னுக்கு இழுத்து நீவிவிட்டால் தசைநார் நெகிழ்ந்து அந்தப் பிடியே போய்விடும். கைக்கு எண்ணெய் போட்டு உருவும் முன் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேளுங்கள்.

உட்காரவைப்பதே தொடக்கத்தில் பெரிய வேலை. எழுப்பியதும் இரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். வயிற்றுக்கு பெல்ட் கட்டி, கட்டிலின் தலைமாட்டை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திப் பழக்குவார்கள். அதன்பின் சாயாமல் உட்காருவது, படுக்கையில் புரளுவது, நாற்காலிக்கு மாறுவது, நாற்காலியை ஓட்டுவது, தகுதியுள்ளவர்களுக்கு காலிப்பர் என்ற கால்தாங்கி போட்டு நிற்பது என்று போகும்.

உயிரைக் காப்பது தோலும் சிறுநீரும்

முதல் உலகப் போரில் தண்டுவடத்தில் குண்டுபட்டவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்தார்கள். அவர்களைக் கொன்றவை படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும். 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன் செய்தது, இன்று பார்த்தால் எளிமையாகத் தெரியும்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரவும் பகலும் நோயாளியைத் திருப்பிப் போடுவது, சிறுநீர்ப்பையைச் சுத்தமாகக் கவனிப்பது, எழுப்பி உட்காரவைத்து வேலையும் விளையாட்டும் கொடுப்பது. அவர் 1948 ஜூலை 29-ல் சக்கர நாற்காலியில் இருந்தவர்களுக்காக நடத்திய வில்வித்தைப் போட்டிதான் பின்னால் பாராலிம்பிக் ஆனது.

இரண்டு மணி நேரக் கணக்கு இன்றும் அப்படியேதான். உணர்ச்சியில்லாத தோலுக்கு அழுத்தம் தெரியாது. பிட்டத்துக்கு மேலே, இடுப்பின் பக்கவாட்டில், குதிகாலில் தோல் சிவந்து, அழுத்திவிட்டு எடுத்தாலும் அந்தச் சிவப்பு வெளுக்காவிட்டால் அதுவே புண்ணின் முதல் கட்டம். நாற்காலியில் இருப்பவர் அரைமணிக்குள் ஒருமுறையாவது கையூன்றி உடம்பைத் தூக்கவோ பக்கவாட்டில் சாயவோ வேண்டும். காற்றடைத்த வளையத்தின்மேல் உட்காரவைப்பது புண்ணைத் தடுக்காது. விளிம்பு அழுத்தி இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். சூடான சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொள்வது, ஒத்தடம் என்று வெந்நீர்ப் பையை வைப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். தோல் வெந்தது மறுநாள்தான் தெரியும்.

சிறுநீர்ப்பை பாதிப்பு கண்ணுக்குத் தெரியாதது. சிறுநீர் வெளியேறாமல் தேங்கினாலும், அழுத்தம் கூடிப் பின்னோக்கிப் போனாலும் சிறுநீரகம் கெடும். முதலில் நிரந்தரமாக ஒரு டியூப் போட்டிருப்பார்கள். முடிந்தவர்களுக்கு, அதை எடுத்துவிட்டு நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய டியூபை உள்ளே விட்டு, சிறுநீரை வடித்துவிட்டு, டியூபை எடுத்துவிடும் முறைதான் நல்லது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிச் சுத்தமாகச் செய்தால் போதும், ஆபரேஷன் தியேட்டர் அளவு கிருமி நீக்கம் தேவையில்லை என்று அமெரிக்க மருத்துவர் ஜாக் லாப்பிடிஸ் 1972-ல் காட்டினார். ஒரு தடவைக்கு 400 முதல் 500 மில்லிக்கு மேல் சேரவிடக் கூடாது. கை வேலை செய்கிறவர் இதைத் தானே செய்யலாம். வயதுக்கு வந்த மகனுக்கு அம்மாவும், கணவனுக்கு மனைவியும் ஆயுசுக்கும் செய்துகொண்டிருப்பதைவிட அவரையே பழக்குவது இருவருக்குமே கௌரவம். மலம் கழிப்பதற்கும் இப்படி ஒரு நேர ஒழுங்கு உண்டு: தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், சாப்பிட்டு அரைமணியில், ஆசனவாய்க்குள் வைக்கும் மாத்திரையான சப்போசிட்டரி வைத்தோ உறை போட்ட விரலால் தூண்டியோ.

டி-6 மட்டத்திலோ அதற்கு மேலேயோ பாதிப்பு உள்ளவர்களின் வீட்டில் ஓர் அவசர நிலை எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி, முகமும் கழுத்தும் சிவந்து வியர்த்தல், இரத்த அழுத்தம் எகிறுதல். உடனே நிமிர்த்தி உட்காரவையுங்கள். இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். யூரின் டியூப் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கே இருக்கும், இல்லையென்றால் மலச்சிக்கல். சரியாகவில்லை என்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. இவர்களுக்கு வழக்கமான பிரஷரே குறைவாக இருக்கும் என்பதால் 140 என்பதும் அபாயமாக இருக்கலாம் என்று டியூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள்.

எங்கே போவது, எதற்குப் போகக் கூடாது

வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, மறுவாழ்வு மருத்துவத்துக்கான துறையை வேலூரில் நிறுவினார். 1966-ல் பாகாயத்தில் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் இன்றும் இயங்குகிறது. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். ஆபரேஷன் நடந்த இடத்திலேயே, டிஸ்சார்ஜுக்கு முன், "எந்த மறுவாழ்வு மையத்துக்கு அனுப்புகிறீர்கள்?" என்று கேளுங்கள். "வீட்டுல பிசியோ வச்சுக்கோங்க" என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள்.

போகக் கூடாத இடமும் உண்டு. லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு தண்டுவடத்துக்கு ஸ்டெம் செல் ஊசி போடுகிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் ஏமாற வேண்டாம். தண்டுவடப் பாதிப்புக்கு அது நிரூபிக்கப்பட்ட சிகிச்சையாக இன்னும் ஆகவில்லை. அங்கீகரிக்கப்பட்ட ஆராய்ச்சிக்கு வெளியே அதைக் கொடுப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் ஏற்கவில்லை. ஆராய்ச்சியில் சேர்கிறவரிடம் பணம் வாங்கவும் கூடாது. நம்பிக்கை தரும் உண்மையான வேலைகள் வேறு பக்கம் நடக்கின்றன. தண்டுவடத்துக்கு மெல்லிய மின்தூண்டல் கொடுத்து அசைவை மீட்கும் முயற்சிகளில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரக் குழு முன்னணியில் இருக்கிறது. கழுத்தில் பொருத்தித் தோல் வழியாகத் தூண்டிக் கைச் செயல்பாட்டைக் கூட்டும் கருவி ஒன்றுக்கு 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தசையும் மூட்டும் சிறுநீரகமும் நன்றாக இருப்பவருக்குத்தான் இப்படிப்பட்ட சிகிச்சைகள் நாளை பயன்படும்.

மனம் உடைந்துபோவதையும் சிகிச்சைக்குரியதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். தூங்காமல் இருப்பது, சாப்பாட்டை ஒதுக்குவது, "என்னை விட்டுடுங்க" என்பது எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தாம்பத்தியம் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பெண்களுக்குக் கருத்தரிக்கும் திறன் பெரும்பாலும் பாதிக்கப்படாது. ஆண்களுக்கும் உதவிகள் இருக்கின்றன. கேட்டால் தெரியும்.

வீட்டுக்கு வருவதற்குள் செய்ய வேண்டியது, வாசலிலும் கழிவறையிலும் நாற்காலி நுழைய வழி. கதவு குறைந்தது 32 அங்குலம் திறக்க வேண்டும். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் போட வேண்டும். ஒன்றரை அடி உயர வாசல் என்றால் 18 அடி. இடமில்லாதவர்கள் வளைத்துப் போடுகிறார்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். நாற்காலியும் பராமரிப்பு உதவித்தொகையும் கேட்க அது வேண்டும். எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரக ஸ்கேனும் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையும் பார்த்துவிடுங்கள்.